கடன் வாங்கினா எப்போ திருப்பிக் குடுக்கணும்?

மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 25-ஐக் கழிக்கும் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "ரெண்டுல அஞ்சு போகாது. அதனால பக்கத்து வீட்டுல ஒண்ணு கடன் வாங்கணும். பக்கத்து வீட்டு அஞ்சு நாலாயிடும், இங்க ரெண்டு பன்னெண்டாயிடும்." இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"கடன் வாங்கினா எப்போ டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "கணக்குல வாங்குற கடனைத் திருப்பிக் குடுக்க வேண்டாம்மா" என்று சொல்லி அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அவள் கையை இறக்கிக்கொண்டாள். அந்த வருடம் அதற்குப் பிறகு கணக்குப் பாடத்தில் அவள் கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அப்போது நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. கணக்கு நன்றாக நடத்துகிற டீச்சர் என்றுதான் பெயர். வாய்ப்பாடு சொல்லவைப்பேன், விடை சரியாக வரும்வரை விட மாட்டேன். அதற்கு மேல் தொடக்கப் பள்ளிக் கணக்கில் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

நான்கு வருடம் கழித்து ஒரு பயிற்சியில் கருத்தாளர் ஒருவர் சில ஆங்கிலப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துத் தந்தார். லிபிங் மா என்பவரின் ஆய்வு. எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓட்டமாக வராது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று படித்தேன். முதல் அத்தியாயமே கழித்தல். அதே 52 - 25. அதில் ஒரு சீன ஆசிரியை சொல்கிறார்: கடன் வாங்குவது என்று நான் சொன்னால், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டாமா, எதை எப்படித் திருப்பித் தருவோம் என்று பிள்ளைகள் கேட்பார்களே. அந்த இடத்தில் பக்கத்தை மூடி வைத்துவிட்டேன். நான் சிரித்து ஒதுக்கிய கேள்வியை எங்கோ ஒரு ஆசிரியை, எந்தப் பிள்ளையும் கேட்கும் முன்பே, தனக்குத் தானே கேட்டு வைத்திருக்கிறார்.

லிபிங் மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீனாவில் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஷாங்காய் நகரத்திலிருந்து தெற்கே ஒரு ஏழை மலைக் கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர். அப்போது அவர் படித்திருந்தது எட்டாம் வகுப்பு வரை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கேட்டபோது ஆசிரியரானார். பின்னாளில் அமெரிக்கா போய் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தார், ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். அந்த ஆய்வு 1999-இல் நூலாக வந்தது. கிராமத்துப் பள்ளியில் கரும்பலகை முன்னால் நின்ற ஒருவர் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

ஆய்வு மிக எளிமையானது. அமெரிக்காவில் 23 தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், சீனாவில் 72 பேர். எல்லாரிடமும் ஒரே நான்கு கேள்விகள். கடன் வாங்கிக் கழித்தலை எப்படி நடத்துவீர்கள்? 123-ஐ 645-ஆல் பெருக்கும்போது ஒரு பிள்ளை 615, 492, 738 மூன்றையும் ஒரே நேராக எழுதிக் கூட்டி 1845 என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒன்றேமுக்காலை அரையால் வகுத்து, அதற்கு ஒரு கதைக்கணக்கு சொல்ல முடியுமா? சுற்றளவு கூடினால் பரப்பளவும் கூடும் என்று ஒரு மாணவி புதிதாகக் கண்டுபிடித்து வந்து சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?

மேலே படிப்பதை நிறுத்திவிட்டு நான்கையும் ஒரு தாளில் எழுதி நானே பதில் எழுதிப் பார்த்தேன். ஆசிரியர் யார் இதைப் படித்தாலும் முதலில் அப்படிச் செய்யுங்கள். மற்றவர்கள் சொன்ன பதிலைப் படித்துவிட்டால், நமக்கும் அது முன்பே தெரியும் என்று தோன்றிவிடும்.

கழித்தலுக்கு நான் எழுதியது மேலே சொன்ன பக்கத்து வீட்டுக் கதைதான். பெருக்கலுக்கு, "இரண்டாவது வரியில் ஒரு இடம் தள்ளி எழுது, காலி இடத்தில் நட்சத்திரக் குறி போடு" என்று எழுதினேன். பேட்டி கொடுத்த அமெரிக்க ஆசிரியர்களில் பெரும்பாலோர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். 645-இல் உள்ள 4-ஆல் பெருக்கியபோது அது நான்கு இல்லை, நாற்பது, அதனால் வந்தது 492 இல்லை, 4920 என்பது எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் பிள்ளைகளிடம் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நட்சத்திரம் போடு என்றேன், போட்டார்கள், விடை வந்தது.

மூன்றாவது கேள்விதான் என்னை உலுக்கியது. 1¾ ÷ ½ என்று போட்டு மூன்றரை என்று விடை கொண்டுவர எனக்கு அரை நிமிடம் ஆகவில்லை. கலப்பு பின்னத்தை தகா பின்னமாக்கு, அடுத்ததைத் தலைகீழாக்கு, பெருக்கு. சரி, கதை? "ஒன்றேமுக்கால் லிட்டர் பாலை இரண்டு பேருக்குப் பாதி பாதியாகக் கொடுத்தால் ஒருவருக்கு எவ்வளவு?" என்று எழுதினேன். எழுதிவிட்டுச் சரிபார்த்தால் ஒருவருக்கு ஒரு லிட்டர்கூட வரவில்லை. விடையோ மூன்றரை. பத்து நிமிடம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியது இரண்டால் வகுத்தல். பாதியாக வகுப்பது வேறு, பாதியால் வகுப்பது வேறு. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், கணக்கு தலைகீழ்.

இதே இடத்தில்தான் அமெரிக்க ஆசிரியர்களில் பலரும் சறுக்கியிருக்கிறார்கள். 21 பேர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, 9 பேர்தான் சரியான விடை வரை போனார்கள். பொருள் பிசகாத கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்கள் 72 பேருக்கும் விடை சரியாக வந்தது. அவர்களில் 65 பேர் சேர்ந்து எண்பதுக்கும் மேற்பட்ட கதைகள் சொன்னார்கள். இத்தனைக்கும் அந்தச் சீன ஆசிரியர்கள் படித்தது குறைவு. ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டு இரண்டு மூன்று வருடம் ஆசிரியர் பயிற்சி, அவ்வளவுதான். அமெரிக்கர்கள் எல்லாரும் பட்டம் பெற்றவர்கள்.

இதை வைத்துச் சீனர்கள் மேல், அமெரிக்கர்கள் கீழ் என்று பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. 23 பேர், 72 பேர் என்பது ஒரு நாட்டையே எடைபோடப் போதாது. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. லிபிங் மா சீனாவில் ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார். அவர்களுக்கும் கணக்குப் போட வந்தது. ஆனால் அனுபவமுள்ள ஆசிரியர்களில் சிலரிடம் இருந்த ஆழம் அவர்களிடம் இல்லை. அப்படியானால் அந்த ஆழம் படித்து வாங்கியது இல்லை, நடத்தி நடத்தி வந்தது. நாளைய பாடத்தை இன்றைக்கே துருவித் துருவிப் படித்து, பக்கத்தில் இருக்கிற ஆசிரியரிடம் பேசி, பிள்ளைகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு வந்தது. நான் பதினோரு வருடம் நடத்தியிருந்தேன். எனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி அன்று இரவு என்னைத் தூங்க விடவில்லை.

மறுவாரம் மூன்றாம் வகுப்பில் கடன் என்ற சொல்லை எடுத்துவிட்டேன். சீன ஆசிரியர்கள் பலர் சொன்னது, மேல் இடத்தில் இருக்கும் ஒரு பெரிய அலகைக் கலைத்துச் சின்ன அலகுகளாக்குவது என்பது. தமிழில் இதற்கு எதுவும் புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. சில்லறை மாற்றுவது! எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். பத்து ரூபாய்க்குச் சில்லறை மாற்றினால் யாருக்கும் யாரும் கடன்படவில்லை. பணம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. அதே 52 ரூபாய்தான், ஐந்து பத்து ரூபாய்த் தாளும் இரண்டு காசுமாக இருந்தது, இப்போது நான்கு தாளும் பன்னிரண்டு காசுமாக இருக்கிறது.

பழைய நோட்டு அட்டையில் வெட்டிய தாள்களையும் புளியங்கொட்டைகளையும் கொடுத்தேன். புளியங்கொட்டைதான் காசு. 52 வைத்திருக்கிறாய், 25 கொடு என்றேன். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு தாளை என்னிடம் கொண்டுவந்து பத்துக் கொட்டை வாங்கிப் போனார்கள். ஒரு பையன் மட்டும் சில்லறை மாற்றவே வரவில்லை. பக்கத்துப் பையனிடம் மூன்று தாளைக் கொடுத்து, "அஞ்சு ரூபா மீதி குடுடா" என்றான். வாங்கி வைத்து எண்ணினான். இரண்டு தாள், ஏழு கொட்டை. 27. அவன் அம்மா பெட்டிக்கடை வைத்திருக்கிறார்.

முந்தைய வருடமாக இருந்தால், "நான் சொல்லிக்குடுத்த மாதிரி செய்" என்றிருப்பேன். அன்றைக்கு அவனையே கரும்பலகைக்கு அழைத்து எல்லாருக்கும் செய்து காட்டச் சொன்னேன். 25-க்குப் பதில் 30-ஐக் கழித்துவிட்டு 5-ஐத் திரும்பக் கூட்டுவது. அந்தச் சீன ஆசிரியர்களில் சிலர் ஒரே கழித்தலுக்கு இரண்டு மூன்று வழி சொல்லி, எந்த எண்ணுக்கு எது சுலபம் என்று பிள்ளைகளைப் பேசவைப்பதாகச் சொல்கிறார்கள். லிபிங் மா இதற்கு ஒரு உவமை வைத்திருக்கிறார். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக ஒரே வழிதான் தெரியும். அந்த ஊரில் டாக்சி ஓட்டுகிறவருக்கு எந்த மூலையிலிருந்தும் எந்த மூலைக்கும் போகத் தெரியும். நான் பதினோரு வருடமாக ஒரே தெருவில் போய் வந்துகொண்டிருந்தேன்.

சில்லறையின் அருமை பூஜ்ஜியம் வரும்போதுதான் முழுதாகத் தெரிந்தது. 402 - 157. பழைய முறையில் இது பெரிய தலைவலி. பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போனால் அங்கே ஒன்றுமே இல்லை. அதற்கு அடுத்த வீட்டுக்குப் போ, அவர் இவருக்குக் கொடுப்பார், இவர் உனக்குக் கொடுப்பார், பூஜ்ஜியம் ஒன்பதாகிவிடும் என்று சொல்லி முடிப்பதற்குள் பாதி வகுப்பு தொலைந்து போயிருக்கும். பூஜ்ஜியம் ஏன் ஒன்பதாகிறது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது, அடித்துவிட்டு ஒன்பது போட வேண்டும் என்று மட்டும் தெரியும். தாள்களோடு செய்தபோது நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. நூறு ரூபாய்த் தாள் நான்கு, காசு இரண்டு. ஏழு காசு வேண்டும். ஒரு நூறை மாற்றினால் பத்து பத்து ரூபாய்த் தாள். அதில் ஒன்றை மாற்றினால் பத்துக் காசு. கையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு காசு. "ஒம்பது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டேன். "பத்துல ஒண்ணைத்தான் மாத்திட்டோமே டீச்சர்" என்றார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. 245 என்று விடை வந்தது.

இன்னொன்றையும் அந்த ஆய்விலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். ஒரு பாடத்தை நடத்தும் முன், அது எதன் மேல் நிற்கிறது என்று சீன ஆசிரியர்கள் பட்டியல் சொல்கிறார்கள். 52 - 25 நிற்பது இருபதுக்குள் கழித்தலின் மேல். 12 - 5, 15 - 8, இப்படி. அங்கே ஆட்டம் இருந்தால் மேலே எதைக் கட்டினாலும் சாயும் என்பது அவர்களில் பலரின் அழுத்தமான கருத்து. என் வகுப்பில் சோதித்தேன். இரண்டு இலக்கக் கழித்தல் வரவில்லை என்று நான் முத்திரை குத்தியிருந்தவர்களில் பாதிப் பேருக்குச் சில்லறை மாற்றுவது நன்றாகவே புரிந்திருந்தது. தடுமாறியது 12 - 5-இல். விரல் பத்துதானே இருக்கிறது, பன்னிரண்டுக்கு எங்கே போவார்கள்? ஒரு வாரம் மூன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு இருபதுக்குள் மட்டும் நின்றோம். பன்னிரண்டில் இரண்டை எடுத்தால் பத்து, இன்னும் மூன்றை எடுத்தால் ஏழு என்று பத்தின் வழியாக இறங்கப் பழகினார்கள். பாடம் பின்தங்குகிறதே என்று பயமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் இரண்டு மடங்கு வேகத்தில் போனோம்.

பின்னத்துக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளி நடுநிலைப் பள்ளி, ஆறாம் வகுப்புக் கணக்குக்கு ஆள் இல்லாத ஒரு பருவத்தில் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு வாளியில் ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் பாட்டில்கள் நான்கு. "ஒன்றேமுக்கால்ல எத்தனை அரை இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். மூன்று பாட்டில் நிறைந்தது. நான்காவதில் மீதித் தண்ணீர்.

"மூணேகால்" என்றார்கள் நிறையப் பேர். மீதி இருப்பது கால் லிட்டர், அதில் தவறில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் நான்காவது பாட்டிலை மேசை மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் சத்தம். அப்புறம் ஒரு பெண் எழுந்து வந்து பாட்டிலில் தண்ணீர் நிற்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "பாட்டில் பாதி நெறஞ்சிருக்கு. நீங்க எத்தனை பாட்டில்னுதானே கேட்டீங்க? மூணரை பாட்டில்." லிட்டர் கணக்கில் அது கால், பாட்டில் கணக்கில் அது அரை. எதை அலகாக வைத்து எண்ணுகிறோம் என்பதை ஒரு பாட்டில் தண்ணீர் சொல்லிக் கொடுத்ததுபோல் நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அதே வகுப்பில் தலைகீழியும் வந்துவிட்டது. ஒரு லிட்டரில் எத்தனை அரை லிட்டர்? இரண்டு. அப்படியானால் ஒன்றேமுக்கால் லிட்டரில் ஒன்றேமுக்கால் மடங்கு இரண்டு. அரையால் வகுப்பது ஏன் இரண்டால் பெருக்குவதாகிறது என்று கேட்டால் இவ்வளவுதான் பதில். மூன்றில் இரண்டு லிட்டர் பிடிக்கும் பாத்திரம் என்றால்? ஒரு லிட்டருக்கு ஒன்றரைப் பாத்திரம், அதாவது ³⁄₂. தலைகீழாக்கு என்ற கட்டளைக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கணக்கின் மேல் இருந்த பயம் எவ்வளவோ குறைந்திருக்கும். வேகக் கணக்காகவும் இதைச் சொல்லிப் பார்த்தோம்: அரை மணி நேரத்தில் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர் நடந்தால் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு? இதுவும் 1¾ ÷ ½ தான், ஆனால் இங்கே எத்தனை அரை என்று எண்ணவில்லை, பாதியிலிருந்து முழுசுக்குப் போகிறோம். சீன ஆசிரியர்களின் கதைகளிலும் இந்த இரண்டு வகையும் உண்டு.

சுற்றளவு - பரப்பளவு கேள்வியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அந்த மாணவி 4-க்கு 4 சதுரத்தையும் 4-க்கு 8 செவ்வகத்தையும் காட்டுகிறாள். சுற்றளவு 16-இலிருந்து 24 ஆகிறது, பரப்பளவு 16-இலிருந்து 32 ஆகிறது. 1-க்கு 10 செவ்வகம் ஒன்று போதும், அவள் சொன்னது எப்போதும் பொருந்தாது என்று காட்ட. சுற்றளவு 22, பரப்பளவு 10 தான். ஆனால் தவறு என்று சொல்லி உட்காரவைக்காமல், எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று அவளையே தேடவைப்பேன் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான்.

நடைமுறையில் நான் என்ன மாற்றிக்கொண்டேன் என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. நாளைய கணக்கை முந்தின நாள் மாலை ஒருமுறை போட்டுப் பார்த்து, இதைச் சுருக்கமாகச் செய்கிறோமே, விரித்துச் சொன்னால் என்ன நடக்கிறது என்று ஒரு பத்து நிமிடம் எழுதுவேன். மதியச் சாப்பாட்டின்போது எட்டாம் வகுப்புக் கணக்கு சாரிடம் ஒரு கேள்வியாவது பேசுவேன். அவருக்குத் தெரியாததை அவரும் கேட்பார். சீனப் பள்ளிகளில் இதற்கென்று ஆசிரியர் குழுவும் நேரமும் உண்டு. எனக்கு இரண்டு வகுப்பு, ஐந்து பாடம், பதிவேடுகள் வேறு. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, முடியும் என்று சொன்னால் பொய். ஒரு பருவத்துக்கு இரண்டு பாடம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறேன். ஏழு வருடத்தில் அதுவே நிறையச் சேர்ந்துவிட்டது.

பிள்ளைகள் 'ஏன்' என்று கேட்பதை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது, கடன் வாங்கினா எப்போ திருப்பிக் குடுக்கணும் என்பது. கடைசியாகப் போன வாரம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது: "கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் ஒன்றாம் இடத்துல இருந்து ஆரம்பிக்கிறோம். வகுத்தல் மட்டும் ஏன் டீச்சர் இடது பக்கத்துல இருந்து?"

"நாளைக்குச் சொல்றேன்" என்று நேரம் வாங்கிக்கொண்டு, ராத்திரி சமையலறை மேடையில் அட்டைத் தாள்களைப் பரப்பினேன். 72 ரூபாய், மூன்று பேர். முதலில் காசிலிருந்து பங்கு போட்டேன். இரண்டு காசு, மூன்று பேருக்கு வராது, ஓரமாக வைத்தேன். ஏழு தாளில் ஆளுக்கு இரண்டு, மீதி ஒரு தாள். அதைச் சில்லறை மாற்றினால் பத்துக் காசு. மறுபடியும் காசுக்கே திரும்பி வந்து, ஓரமாக வைத்த இரண்டையும் சேர்த்துப் பங்கு போட வேண்டியிருந்தது. அடுத்து தாளிலிருந்து ஆரம்பித்தேன். ஆளுக்கு இரண்டு தாள், மீதி ஒன்றை மாற்றிக் காசோடு சேர்த்தால் பன்னிரண்டு, ஆளுக்கு நான்கு. 24. ஒரே ஓட்டம், திரும்பி வரவே இல்லை.

தாள்களைப் பையில் எடுத்து வைத்தேன். கொட்டைகள் பத்துப் பதினைந்து குறைந்தன. காலையில் பள்ளிக்குப் போகிற வழியில் பெட்டிக்கடையில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.